எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்

ஆசிரியர் அறையில் அவனுக்கு ‘மீதி’ என்று பெயர். ஆண்டு விழா விருந்தில் எல்லோரும் கணவன் மனைவியாக இணை இணையாக உட்கார்ந்தபின், மேசையின் கோடியில் ஒற்றை நாற்காலியில் இவன் மட்டும் மிஞ்சுவதைப் பார்த்து இயற்பியல் துறைக்காரர் ஒருவர் வைத்தது. வைத்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்; பெயர் மட்டும் பணி நீட்டிப்பில் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு அது ஒன்றும் கௌரவக் குறைவில்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். வகுத்தலில் சுவாரசியமான பகுதியே மீதிதான் என்று வகுப்பில் சொல்வான். மாணவர்கள் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவன் விசாரித்ததில்லை.

நாற்பத்து மூன்றாவது வயதில் மீதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. இனி அந்தப் பெயரை என்ன செய்வது என்று துறையில் ஒரு விவாதமே நடந்தது. “முதல்ல நடக்கட்டும்” என்று ஒத்திவைத்தார்கள். அவர்கள் அனுபவசாலிகள்.

பெண், ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூத்த டெக்னீஷியன். வருடாந்திரச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவனை மறுநாள் ஃபோனில் கூப்பிட்டாள். “ரிசல்ட் சரியாத்தான் இருக்கும். ஆனா டியூப் மேல ஒட்டுன லேபிள்ல ஒரு எழுத்து சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை வந்து குடுத்துட்டுப் போங்க” என்றாள். ஒரு பெண் தன் ரத்தத்தை இரண்டாம் முறையும் கேட்டாள் என்பதை மீதி காதலின் தொடக்கமாக எடுத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அதற்குமுன் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

மூன்றாவது சந்திப்பில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையின் மாடியில், அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“எனக்கு இது ரெண்டாவது. முதல்ல அமைஞ்சவர் பிரமாதமாப் பேசுவார். வேலை கிடைச்சிடுச்சும்பார், கிடைச்சிருக்காது. வீடு பார்த்துட்டேன்பார், பார்த்திருக்க மாட்டார். பொய் சொல்லணும்னு சொல்றவர் இல்லை. போய்ப் பார்க்கச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான். பார்க்காததைப் பார்த்த மாதிரியே சொல்லிடுவார். அதையெல்லாம் சரிபார்க்கிறதே எனக்கு வேலையாப் போச்சு. ஆஸ்பத்திரியிலயும் லேப், வீட்டுலயும் லேப்.”

மீதி தலையாட்டினான்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லுங்க. அதுக்கு மாறா நடந்தா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். கிளம்பிடுவேன்.”

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் “சரிங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருப்பான். மீதிக்கு நாக்கில் சனி.

“கணக்கு வாத்தியார்கிட்ட அந்தப் பயமே வேண்டாம். நிரூபிக்காம நாங்க வாயே திறக்க மாட்டோம்” என்றான். சொன்னதோடு விட்டானா? மேசையிலிருந்த காகிதத் துடைப்பான் ஒன்றை உருவி, பேனாவை எடுத்தான்.

“இதைப் பாருங்க. முப்பத்தொண்ணு. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. பகா எண்ணுன்னு சொல்வோம். முன்னாடி ஒரு மூணு சேருங்க, முந்நூத்து முப்பத்தொண்ணு. அதுவும் பகா எண். இன்னொரு மூணு, மூவாயிரத்து முந்நூத்து முப்பத்தொண்ணு. அதுவும்தான். இப்படியே மூணு மூணா சேர்த்துக்கிட்டே போகலாம். உடையவே உடையாது.”

“எத்தனை சேர்த்தாலுமா?” என்று கேட்டாள் அவள்.

அந்தக் கேள்வியில் ஒரு ஊசி இருந்தது. தினமும் நூறு பேருக்கு ஊசி குத்துகிறவளின் கேள்வி. இவனுக்குத்தான் உறைக்கவில்லை. “எத்தனை சேர்த்தாலும்” என்று சொல்லிக்கொண்டே எழுதினான். 31, 331, 3331 என்று துடைப்பானில் ஒரு படிக்கட்டு இறங்கியது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஓர் இலக்கம் நீளம். ஏழு மூன்றும் ஒரு ஒன்றும் வரை அவன் நிஜமாகவே அறிந்த எல்லை. படிக்கிற காலத்தில் கணினியில் போட்டுப் பார்த்திருந்தான். ஆனால் எதிரே அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கை போன போக்கில் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. 333333331. எட்டு மூன்று, ஓர் ஒன்று.

“இது நம்ம மாதிரி. எவனாலயும் பிரிக்க முடியாது” என்று அடிக்கோடு வேறு போட்டான்.

அவள் அந்தத் துடைப்பானை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று வாயால் அவள் சொல்லவே இல்லை. மடித்து வைத்ததுதான் சம்மதம்.

மோதிரத்தின் உள்பக்கத்தில் அந்த எண்ணைப் பொறிக்கலாம் என்பது அவளுடைய யோசனை. நகைக்கடையில் எழுத்து வெட்டுகிறவர் அளந்து பார்த்துவிட்டு, “ஒன்பது இலக்கம் கச்சிதமா நிக்கும். அதுக்கு மேல ஒரு புள்ளி வைக்கக்கூட இடமில்லை” என்றார். அவள் மோதிரம் முதலில் தயாரானது. இவன் மோதிரம் தாமதம். விரல் வீங்கியிருந்த நாளில் போய் அளவு கொடுத்திருந்தான். சரிசெய்யத் திரும்பிப் போயிருந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மீதிக்குத் தேர்வறை மேற்பார்வை விழுந்தது. உலகில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட வேலைகளில் அதைப்போல ஒன்றுமில்லாத வேலை கிடையாது. படிக்கக் கூடாது, பேசக் கூடாது, உட்காரக் கூடாது. நாற்பது தலைகளின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். சன்னலோரத்தில் ஒருவன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருதரம் முனகியது.

பதிவு முடிந்தபின் சாப்பாட்டு மேசையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மீதி இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை. ‘ஏழு வந்து மோதிப் பார்த்தது, முடியவில்லை, பதினொன்று வந்தது, முடியவில்லை, பதிமூன்று, பதினேழு, யார் வந்தும் இந்த எண்ணை உடைக்க முடியவில்லை’ என்று ஒரு வீர வரலாறாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொருவனும் தோற்று ஓடும்போது எவ்வளவு மிஞ்சியது என்ற விவரமும் சேர்ந்தால் சபை சொக்கிவிடும். மிஞ்சிப்போன வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, சன்னல் விளிம்பில் வைத்து, வகுக்க ஆரம்பித்தான்.

இரண்டும் ஐந்தும் கிட்டவே வராது; கடைசி இலக்கம் ஒன்று. மூன்றும் முடியாது, இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தைந்து. ஏழால் வகுத்தான்: மீதி இரண்டு. பதினொன்றால்: மீதி ஒன்று. பதிமூன்றால்: மீதி ஆறு. மனசுக்குள் கைதட்டல் கேட்டது. அடுத்து பதினேழு.

முப்பத்து மூன்றில் பதினேழு ஒரு தரம், மிச்சம் பதினாறு. நூற்று அறுபத்து மூன்றில் ஒன்பது தரம், மிச்சம் பத்து. இப்படியே இறங்கிக்கொண்டு போனான். கடைசி இலக்கமான ஒன்றையும் கீழே இறக்கியபோது அங்கே ஐம்பத்தொன்று நின்றது.

மூன்று பதினேழு ஐம்பத்தொன்று.

மீதி இல்லை.

மறுபடியும் வகுத்தான். பிறகு தலைகீழாக, 19607843ஐப் பதினேழால் பெருக்கிப் பார்த்தான். எட்டு மூன்றும் ஓர் ஒன்றும் அச்சு பிசகாமல் வந்து நின்றன. பேனா கடிக்கும் பையன் இவனை அனுதாபத்தோடு பார்த்தான். சாருக்கும் விடை வரவில்லை போலிருக்கிறது.

நாலு இலக்கம், ஐந்து இலக்கம் உள்ள ஏதாவது பெரிய எண் வந்து உடைத்திருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம். பெரிய எதிரியிடம் தோற்றால் வரலாறு; பதினேழிடம் தோற்றால் சிரிப்பு. வாய்ப்பாட்டிலேயே இருக்கிற எண்! இருபது வருஷமாக ‘எடுத்துக்காட்டு நிரூபணம் ஆகாது’ என்று விடைத்தாள்களில் சிவப்பு மையால் எழுதி எழுதிக் கை வலித்து, கடைசியில் அந்த வாசகத்துக்கு ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தவன் அவன். அந்த முத்திரையை இப்போது எங்கே குத்துவது என்று யோசித்தான். நெற்றியில் இடம் தாராளமாக இருந்தது. முடி பின்வாங்கியதில் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டும் வந்தது.

தேர்வு முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாசலில் ‘எல்’ பலகை மாட்டிய காரின் முன்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு காற்றடிப்பதை நிறுத்தினார்.

“பதினேழால வகுபட்டா யாருக்கு என்ன போச்சு? நம்பர் மோதிரத்துக்கு உள்பக்கம். அதை விரல் மறைச்சுக்கும். உலகத்துல எவன்டா மோதிரத்தைக் கழட்டிப் பதினேழால வகுக்கப் போறான்?”

“அவ வகுப்பா” என்றாள் அக்கா, சன்னலுக்குள்ளிருந்து.

“மாமா, அவங்க என்கிட்ட கேட்டதே ஒண்ணுதான்...”

“அவங்க, இவங்க. இன்னும் வாங்க போங்கதானா ரெண்டு பேரும்? கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படியே மரியாதையா இருந்தா குடும்பம் எப்படிடா நடக்கும்?” என்றார் மாமா. “எங்க ஸ்கூல்ல முதல் பாடம் என்ன தெரியுமா? போலீஸ் கை காட்டாத வரைக்கும் நீயா வண்டியை ஓரங்கட்டாதே.”

“அந்தப் பாடத்தாலதான் உங்க லைசென்ஸே ஒரு தடவை பறிபோச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்கா வெளியே வந்தாள். “ஏன்டா, எட்டு மூணு சரியா வரலைன்னா ஒன்பது மூணாப் போடேன். பெருசாப் போட்டா சரியாயிடாதா?”

பெருசாய்ப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவனுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் இருந்தது. மோதிரத்தில் இடமில்லாவிட்டாலும், எண்ணுக்காவது மானம் மிஞ்சுமே. மடிக்கணினியைத் திறந்து காரின் பானெட் மேல் வைத்தான். ஒன்பது மூன்றும் ஒன்றும்: 673 வந்து உடைத்தது. பத்து மூன்றும் ஒன்றும்: 307. பதினொரு மூன்றும் ஒன்றும்: வெறும் பத்தொன்பது. அதற்குமேல் பார்க்கத் தெம்பில்லாமல் மூடிவைத்தான்.

“முதல் ஏழு பேரும் தங்கம், எட்டாவதுல இருந்து ஒருத்தனும் உருப்படலையா? எங்க வம்சம் மாதிரியே இருக்கே” என்றார் மாமா. அவர் தன் வீட்டில் ஒன்பதாவது பிள்ளை.

“அப்ப ஒரு மூணை எடுத்துடு” என்றாள் அக்கா. நல்ல யோசனை. எழுத்து வெட்டுகிறவருக்கு ஃபோன் போட்டான்.

“மேடம் மோதிரம் டெலிவரி ஆயிடுச்சே சார். நல்லா ஆழமா வேற வெட்டியிருக்கேன். அதைச் சீவினா மோதிரமா இருக்காது, கம்பியா இருக்கும்” என்றார் அவர். “உங்களுக்கும் அதே நம்பர்தானே? உங்க மோதிரம் அளவு சரி பண்ணி வந்திருக்கு. காலையில வாங்கிட்டுப் போய்ப் போட்டுப் பாருங்க. சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா வெட்டிக் குடுத்துடறேன்.”

சொல்ல வேண்டாம் என்ற மாமாவின் சட்டம் அன்று அமலில் இருந்தது. மாலையில் அவள் பேசினாள், மேசைக்குப் பூ வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றான். அவ்வளவுதான் பேசினான். அன்றைக்குத் தூக்கம் வராமல் புரண்டான் என்று சொல்ல ஆசைதான். நன்றாகத் தூங்கினான் என்பதுதான் வெட்கக்கேடு.

காலையில் நகைக்கடையில் வெற்று மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘என் மோதிரத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். எட்டு மூணு, ஒரு ஒண்ணு. எல்லாம் சரியா இருக்கு.’

‘சரியா இருக்கு’ என்ற இரண்டு சொற்களை மீதி கல்லாப்பெட்டி அருகிலேயே நின்று நாலு முறை படித்தான். தன் பங்கை அவள் சரிபார்த்துவிட்டாள். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தான்.

பரிசோதனைக் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. மருந்து நெடி, குளிர், சன்னலில்லாத வெள்ளை வெளிச்சம். நீளமேசையில் சிவப்பும் ஊதாவும் மூடிபோட்ட குழாய்கள் தாங்கிகளில் அணிவகுத்திருந்தன. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் மூலையில் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தாளில், ‘பார்த்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர், இரண்டு கையெழுத்து இல்லாத ரிப்போர்ட் வெளியே போகாது’ என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மீதி அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

“என்ன இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?” என்றாள்.

“அந்த எண் பகா எண் இல்லை. பதினேழால வகுபடுது.”

ஆட்டோவில் வரும்போது நயமான முன்னுரை ஒன்று தயாரித்து வைத்திருந்தான். அது ஆட்டோவிலேயே போய்விட்டது.

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். “எப்பத் தெரிஞ்சது?”

“நேத்து மதியம்.”

“நேத்து சாயங்காலம் பேசினோமே. பூ வேணுமான்னு கேட்டேனே.”

“வேண்டாம்னு சொன்னேன்.”

“அதைச் சொல்றதுக்கு மட்டும் வாய் இருந்துச்சு.”

“மாமா சொல்ல வேண்டாம்னார்.”

“மாமாவையா நான் கட்டிக்கப் போறேன்?”

மேசைக்கு அந்தக் கோடியிலிருந்த உதவியாளப் பெண் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதை மட்டுமே பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

“அன்னிக்கு எழுதும்போது தெரியுமா, தெரியாதா?” என்றாள் அவள்.

“ஏழு மூணு வரைக்கும் தெரியும். எட்டாவது... கை எழுதிடுச்சு. வாய் அது பின்னாலயே போயிடுச்சு.”

“மூளை?”

“அது உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.”

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு அவள் சிரித்திருப்பாள். “ஏழு குழாய் நல்லபடியா வந்துச்சுன்னா, எட்டாவதைப் பார்க்காம இங்க கையெழுத்துப் போடுவோமா?” என்று கேட்டாள். “நான் அன்னிக்கு என்ன சொன்னேன்?”

“சண்டை போட மாட்டேன். கிளம்பிடுவேன்னு சொன்னீங்க.”

“ஞாபகம் இருக்குல்ல.”

அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்த இயந்திரம் சுழற்சியை நிறுத்தி மணியடித்தது. அவள் எழுந்து போனாள். குழாய்களை எடுத்துத் தாங்கியில் அடுக்கி, ஒவ்வொன்றின் லேபிளையும் இருமுறை படித்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். சண்டை போடவில்லை, கிளம்பிவிட்டாள். சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷி என்று நினைத்தபோது, இவ்வளவு பெரிய துக்கத்திலும் அவனுக்கு அவள்மேல் மரியாதை கூடியது. அதுதான் கோபமாகவும் இருந்தது. ஆசிரியர் அறையில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். பெயரை மாற்றாமல் ஒத்திவைத்தது நல்லதாய்ப் போயிற்று என்பார்கள்.

கதவு திறந்தது. அவள் கையில் லாக்கரிலிருந்து எடுத்துவந்த சின்னப் பெட்டி. அவன் எதிரே உட்கார்ந்து, மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். திருப்பித் தரத்தான் எடுத்து வந்திருக்கிறாள் என்று மீதி கையை நீட்டினான்.

“கையை எடுங்க. நான் அழிக்க மாட்டேன் இதை. உங்க மோதிரம் எங்க?”

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். குழாய்களை அடுக்குகிற பழக்கத்தில் அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“நானா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி அவர் ஒரு தடவைகூட வந்து சொன்னதில்லை” என்றாள், மோதிரங்களைப் பார்த்தபடியே. “நீங்க ஒரு நாள் லேட்டு. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா வந்தீங்க.” பிறகு, லேபிள் வாசிக்கிற அதே குரலில், “ரெண்டையும் சேர்த்து ஒரே எண்ணாப் படிச்சா என்ன வரும்?”

“ரெண்டுலயும் ஒரே எண் இருந்தா நிச்சயமா உடையும். இந்த எண்ணாலயே வகுபடும். அதுக்கு வகுத்துப் பார்க்கவே வேண்டாம், நிரூபணம் இருக்கு.”

“உங்க மோதிரத்துலதான் இன்னும் எதுவுமே வெட்டலையே. அதுல வெறும் மூணா, ஒன்பது மூணு போட்டா? உங்களுது முன்னாடி, என்னுது பின்னாடி.”

ஒன்பது மூன்று, அதன்பின் எட்டு மூன்று, கடைசியில் ஓர் ஒன்று. மொத்தம் பதினேழு மூன்றும் ஒன்றும். அதே பழைய படிக்கட்டுதான், ரொம்பத் தூரம் கீழே. நேற்று பானெட் மேல் சரிந்த படிகள் கண்முன் வந்தன.

“அதுவும் உடை...” என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

“பார்த்தீங்களா?”

“...இல்லை. பதினொரு மூணோட நிறுத்திட்டேன்.”

“பார்க்காமலே சொல்ல வந்தீங்க.”

“பாதி வந்துடுச்சு.”

“மீதியை முழுங்கிட்டீங்க. பரவாயில்லை” என்றாள். “பாருங்க இப்ப.”

தோள்பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து, நாலு வரியில் ஒரு நிரல் எழுதினான். தந்திரம் எதுவும் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். பதினெட்டு இலக்க எண். ஐம்பத்தேழு கோடியே எழுபத்து மூன்று லட்சத்துச் சொச்சம் வரை வகுத்து, எதிலும் மீதியில்லாமல் போகவில்லை என்றால்தான் அது பகா எண். அதற்குமேல் போக வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஒன்று அதை வகுத்தால், அதன் ஜோடி கீழேயே பிடிபட்டிருக்கும். இதை அவளுக்கு விளக்கினான். அவள் இடையிலேயே, “பதினேழைத் தாண்டியாச்சா?” என்றாள்.

“அது ஆரம்பிச்ச உடனே தாண்டிடுச்சு.”

“நல்லா பார்த்தீங்களா? அது உங்களுக்கு ஆகாத எண்.”

திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது; கோடி தாண்டும்போதெல்லாம் அதன்முன் ஓர் எண் ஏறியது. உதவியாளப் பெண் வெட்கத்தை விட்டு இவர்கள் பின்னால் வந்து நின்றாள். பத்து கோடி தாண்டியது. கணினியின் விசிறி இரைந்தது. இருபது கோடி. மீதி திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தான். வாழ்நாளில் எத்தனையோ பகா எண்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறான். நல்லபடியாக இருக்க வேண்டுமே என்று எந்த எண்ணுக்காகவும் அவன் வேண்டிக்கொண்டதில்லை. நாற்பது கோடி தாண்டியபோது அவள் ஒரு குழாயின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்ததில் அவனுக்கு ஐம்பதாவது கோடி போனதே தெரியவில்லை.

ஓட்டம் நின்றது. திரையில் எழுதியிருந்தது: ‘வகு எண் எதுவும் இல்லை.’

மீதி அதை எழுத்துக்கூட்டி மறுபடி படித்தான். உதவியாளப் பெண்தான் “அக்கா!” என்றாள்.

“இரு” என்றாள் அவள். “இன்னொரு மெஷின்ல பாருங்க.”

கூடத்துக் கணினியில், வேறு ஆட்கள் எழுதிய வேறொரு கணித மென்பொருளில் போட்டார்கள். அதுவும் அதையே சொன்னது. அவள் ஒரு துண்டுத் தாளில் அந்தப் பதினெட்டு இலக்கங்களையும் எழுதி, ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் தான் போட்டாள். பிறகு சிரித்தாள். சற்றுமுன் சிரிக்காமல் விட்ட பாக்கியும் சேர்த்து.

“தனியா எடுத்தா உங்களுது எதால உடையும்?” என்று கேட்டாள்.

“மூணால. ஒன்பதாலயும். எந்தச் சின்னக் குழந்தையும் உடைச்சிடும்.”

“என்னுதை உடைக்கக் குறைஞ்சது பதினேழு வேணும்” என்று மோதிரத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

சாயங்காலம் எழுத்து வெட்டுகிறவர் இரண்டு முறை கேட்டார். “ஒன்பதும் மூணா? கடைசியில ஒண்ணு கிடையாதா? நல்லா யோசிச்சீங்களா சார்?” யோசிக்கவில்லை, பார்த்தேன் என்றான் மீதி. அவருக்கு வித்தியாசம் புரியவில்லை. மாமாவுக்கு எல்லாம் புரிந்தது. “அதான் சொன்னேனே, வாயைத் திறக்காம இருந்திருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?” என்றார். அக்கா, மூன்றால் உடைகிற எண்தான் தம்பிக்குப் பொருத்தம் என்று சொல்லிவிட்டாள்.

பதிவு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. கையெழுத்துகள் முடிந்து மோதிரங்களும் போட்டாயிற்று. அறைக்கு நடுவில் பருத்த தூண் ஒன்று நின்றது. நெருக்கியடித்து நின்றபோது புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

“சார், தூண் நிழல் உங்க மூஞ்சியில விழுது. நீங்க அந்தப் பக்கம் போங்க, மேடம் இந்தப் பக்கம் வரட்டும்.”

மீதி ஓரடி எடுத்து வைத்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இடம் மாறினா என்னுது முன்னாடி வந்துடுமே. ஒண்ணு நடுவுல வரும். அப்ப அது என்ன எண்? உடையுமா, உடையாதா?” என்று காதோரம் கேட்டாள்.

அவன் வாய் திறந்தது. இருபது வருஷ வகுப்பறை அனுபவத்தில் ஒரு பதில் தொண்டை வரை ஓடிவந்து நின்றது.

“தெரியலை” என்றான். “பார்க்கலை.”

“கம்ப்யூட்டர் இருக்கா?”

“கல்யாணத்துக்கு யாருங்க கம்ப்யூட்டர் கொண்டு வருவாங்க?”

“அப்ப நகராதீங்க” என்றாள். புகைப்படக்காரரைப் பார்த்து, “இப்படியே எடுங்கண்ணா. இந்தப் பக்கம்தான் பார்த்த பக்கம்” என்றாள்.

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எடுத்தார். படத்தில் மணப்பெண் தெளிவாக இருக்கிறாள். பக்கத்தில், பாதி முகம் தூண் நிழலுக்குள் போன ஒருவன், பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு நிற்கிறான்.